கூப்பிடும் பெயரா, எழுதும் பெயரா? குழந்தையின் பெயரைப் பதியும் முன் ஓர் ஒப்பீடு

நம் வீடுகளில் ஒரு குழந்தைக்கு இரண்டு பெயர் இருப்பது புதிதல்ல. ரேஷன் கார்டில் கார்த்திகேயன், தெருவில் அப்பு. பள்ளிப் பதிவேட்டில் முத்துலட்சுமி, பாட்டிக்கு எப்போதும் பாப்பா. அறுபது வயதுக்காரரை இன்னும் "குட்டி" என்று கூப்பிடுகிற அக்காமார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதனால் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லாமல்தான் காலம் ஓடியது.

இப்போது இளம் பெற்றோர்கள் இதையே ஒரு கேள்வியாகக் கேட்கிறார்கள். எதற்கு இரண்டு பெயர்? கூப்பிடப்போகிற பெயரையே சான்றிதழிலும் எழுதிவிட்டால் என்ன? கேள்வி நியாயமானதுதான். என் தம்பி வீட்டிலும் இதே பேச்சு சில மாதம் நடந்தது. எங்கள் குடும்பத்தில் அத்தைதான் குழந்தையின் காதில் பெயர் சொல்ல வேண்டும் என்பதால் அந்தப் பேச்சில் எனக்கும் பங்கு இருந்தது. அப்போது யோசித்ததையும், விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரையே பதிவது. பதிவுக்கு ஒரு முழுப்பெயர், வீட்டுக்கு அதோடு சம்பந்தமில்லாத இன்னொரு பெயர். முழுப்பெயரைப் பதிந்து, அதிலிருந்தே உடைத்து எடுத்த துண்டால் கூப்பிடுவது. இல்லையென்றால், உடைக்கவே தேவையில்லாத ஒரு சின்னப் பெயரை முறையான பெயராக வைத்துவிடுவது. என் சாய்வு மூன்றாவது வழிக்கு. மற்ற மூன்றையும் ஏன் அவ்வளவு லேசில் தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

மாமனார் பெயரைச் சொல்லித் திட்ட முடியுமா?

இரண்டு பெயர் வைக்கும் பழக்கம் கொஞ்சலில் இருந்து மட்டும் வந்ததில்லை. அதற்குப் பின்னால் வீட்டுக்குள் இருந்த ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர், பேத்திக்குப் பாட்டி பெயர் என்பது நம்மில் பல சமூகங்களில் வழக்கம். அதே வீட்டில் மருமகள் மாமனார் பெயரையோ மாமியார் பெயரையோ வாயால் சொல்லக் கூடாது. அப்படியிருக்க, பிள்ளைக்கு மாமனார் பெயரை வைத்துவிட்டு, "டேய் இங்க வாடா" என்று எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள்? அதற்காகவே ஒரு புழங்கும் பெயர் தேவைப்பட்டது. சின்னத்தம்பி, ராசா, துரை, கண்ணு, பாப்பா எல்லாம் அப்படித் தொட்டிலுக்குள் வந்த பெயர்கள். தாத்தாவின் பெயர் ஏட்டில் பத்திரமாக இருக்கும், பிள்ளை தெருவில் துரையாக வளரும்.

இந்தக் கட்டுப்பாடு இன்று பெரும்பாலும் தளர்ந்துவிட்டது என்று நினைப்போம். எங்கள் வீட்டில் என் அம்மா பெயரையே குழந்தைக்கு வைக்கலாம் என்று தம்பி சொன்னபோது, தம்பி மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணி, நாளைக்கு அது சோத்தைக் கொட்டினா அத்தை பேரச் சொல்லியா நான் திட்டுறது?" சென்னையில் வேலை பார்க்கும் பெண் அவள். பழைய தயக்கம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அவள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிந்தது.

இன்னொரு காரணம் கண்ணேறு. முதல் இரண்டு பிள்ளை தங்காமல் போன வீட்டில் மூன்றாவதற்குப் பிச்சை என்றோ குப்பன் என்றோ மண்ணாங்கட்டி என்றோ பெயர் வைத்தார்கள். எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்ற பயம். அந்தப் பெயர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. பிள்ளை பிழைத்தால் போதும் என்று ஒரு தாய் வேண்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர். ஆனால் பிழைத்து வளர்ந்த பிள்ளை அந்தப் பெயரை ஆயுளுக்கும் பதிவேட்டில் சுமந்தது என்பதையும் மறக்க முடியாது.

அதைவிட வருத்தமானது போதும்பொண்ணு, வேண்டாமணி போன்ற பெயர்கள். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண்பிள்ளைக்கு வைத்த பெயர்கள். வீட்டுக்குள் ஆதங்கத்தில் சொன்ன சொல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் பெயராகவே ஏறிவிட்டது. கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் "உன்னை யாரும் கேட்கவில்லை" என்று ஒரு பெண் தன் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது. வீட்டில் சொல்வதெல்லாம் பதிவேட்டுக்குப் போகலாமா என்று யோசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் இந்தப் பெண்கள்தான்.

செல்லப்பெயரையே பதிந்தால்

இதன் பெரிய நன்மை, குழப்பம் கிடையாது. கூப்பிடுவதும் எழுதுவதும் ஒன்று. குழந்தை தன் பெயரை இரண்டு தடவை கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நாலரை மாதத்திலேயே குழந்தைகள் தங்கள் பெயரின் ஒலியை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்துக் கேட்கிறார்கள் என்று 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த வயதில் அதன் காதில் விழுந்துகொண்டே இருப்பது நாம் கூப்பிடும் பெயர்தான். சான்றிதழில் இருப்பது அதற்கு அந்நியர் பெயர்.

என் அக்கா மகன் கதை இதற்குப் பொருத்தம். வீட்டில் அவன் ராஜா. எல்கேஜி சேர்த்த முதல் வாரம் டீச்சர் வருகைப் பதிவேட்டில் ஹரிகிருஷ்ணன் என்று வாசித்தபோது அவன் பாட்டுக்குச் சிலேட்டில் கோழி வரைந்துகொண்டிருந்தான். சாயங்காலம் வந்து அம்மாவிடம் கவலையாகச் சொன்னான்: "எங்க கிளாஸ்ல ஹரின்னு ஒரு பையன் வரவே மாட்டேங்கிறான்மா. மிஸ் தினம் தேடுறாங்க." அக்கா அன்று ராத்திரியே உட்கார வைத்து, அந்தப் பையன் நீதான் என்று புரியவைத்தாள். இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. பிள்ளைகள் இதையெல்லாம் வேகமாகவே தாண்டிவிடுவார்கள். ஆனாலும் ஒரு வாரம் முழுக்கத் தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று நினைத்து உட்கார்ந்திருந்த பிள்ளையை நினைத்தால், ஒரே பெயர் வேண்டும் என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

அப்படியென்றால் எந்தச் செல்லப்பெயரைப் பதியலாம்? இங்கேதான் நிதானம் வேண்டும். செல்லப்பெயர்களில் இரண்டு வகை இருக்கிறது. தங்கம், மணி, செல்வம், ராணி, முத்து, பவளம், கண்ணன் போன்றவை தங்கள் காலிலேயே நிற்கும். மணி என்ற பெயரில் தாசில்தார் இருக்கலாம், தங்கம் என்ற பெயரில் தலைமையாசிரியை இருக்கலாம், யாருக்கும் உறுத்தாது. குட்டி, பாப்பா, சின்னவன், தம்பி, பேபி போன்றவை வேறு வகை. அவை பிள்ளையைச் சொல்லவில்லை, வீட்டில் அதற்கு இருக்கும் இடத்தைச் சொல்கின்றன. அடுத்த பிள்ளை பிறந்ததுமே பாப்பா பாப்பாவாக இருப்பதில்லை. முதல் வகையில் எது பிடித்தாலும் தயங்காமல் பதியுங்கள். இரண்டாவது வகை வீட்டோடு இருக்கட்டும்.

புஜ்ஜி, சிண்ட்டு, டிட்டு மாதிரி ஒலிக்காக மட்டும் வரும் பெயர்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கொஞ்சுவதற்கு நன்றாக இருக்கும். நாற்பது வயதில் ஒரு மருத்துவர் தன் அறை வாசலில் மாட்டும் பலகையில் அது எப்படி இருக்கும் என்று எழுதிப் பாருங்கள், போதும்.

இரண்டு தனித்தனிப் பெயர்கள்

பதிவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, இரண்டுக்கும் ஒட்டு உறவு இல்லை. நம் ஊரில் நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது இதுதான். வங்காளத்தில் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். வீட்டில் கூப்பிட டாக்நாம், வெளியுலகுக்கு பாலோநாம். உலகத்துக்கு சத்யஜித் ராய் என்று தெரிந்தவர் வீட்டிலும் நெருங்கியவர்களிடமும் மாணிக். நம் பக்கம் எம்.எஸ். சுப்புலட்சுமி மதுரை வீட்டில் குஞ்சம்மா. எந்த மேடையும் அந்தப் பெயரைத் தொடவில்லை. வெளியார் யாரும் எடுக்க முடியாத ஒரு பெயர் தனக்கென்று இருப்பது பெரிய ஆறுதல்தான். உறவுக்காரர் யாராவது போனில் அந்தப் பெயரைச் சொன்ன உடனே நாம் எந்த ஊரில் இருந்தாலும் பழைய வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறோம்.

சில சமயம் வீட்டுப் பெயரே ஏட்டுப் பெயரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்துவிடும். அதற்கு உ.வே. சாமிநாதையரைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. அவருக்கு முறையாக இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன் என்ற பெயரைச் சுருக்கிச் சாமா என்று கூப்பிட்டார்கள். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிக்கப் போனபோது, ஆசிரியர் வேறு பெயர் ஏதும் உண்டா என்று கேட்டார். வீட்டில் கூப்பிடும் பெயரை இவர் சொன்னார். அதிலிருந்து சாமிநாதன் ஆனார். சங்க நூல்களை அச்சேற்றியவர் என்று நாம் இன்று கைகூப்பும் பெயர் அவருடைய வீட்டுப் பெயர். இட்ட பெயரைச் சொன்னால் பலருக்கு ஆளே தெரியாது.

ஆனால் அவர் காலத்தில் பெயர் மாற ஓர் ஆசிரியரின் விருப்பம் போதுமாக இருந்தது. இன்று வேங்கடராமன் என்று பிறப்புச் சான்றிதழும் சாமிநாதன் என்று பள்ளிச் சான்றிதழும் இருந்தால் அந்தப் பிள்ளை எத்தனை படி ஏற வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த வழியின் உண்மையான சங்கடம் காகிதத்தில்தான் வெளியே வருகிறது. கிராமத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு "எ" போட்டு இன்னொரு பெயர் இருக்கும். ஏட்டுப் பெயரை மட்டும் போட்டால் யார் இறந்தது என்றே ஊருக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையிலும் அதே "என்கிற". அதுவரை சரி. ஆனால் நிலத்தை வாங்கியபோது ஊர் கூப்பிட்ட பெயரில் பத்திரம் எழுதி, ஆதாரில் பள்ளிப் பெயர் இருந்து, இறப்புச் சான்றிதழில் மூன்றாவது விதமாக ஏறிவிட்டால், பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் அலைகிற அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இருவரும் ஒருவரே என்று அப்பா உயிரோடு இருக்கும்போது யாருக்கும் நிரூபிக்கத் தோன்றியிருக்காது.

ஆகவே இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன். வீட்டுப் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறக் கூடாது. தடுப்பூசி அட்டையில் நர்ஸ் "பேரு என்னம்மா" என்று கேட்கும்போது அவசரத்தில் வாயில் வருவது வீட்டுப் பெயர்தான். அங்கேயே ஆரம்பித்துவிடும். மூன்று வயதில் விளையாட்டுப் பள்ளியில் சேர்க்கும்போதும் அதே கதை. ஏட்டுப் பெயரைக் குழந்தை காதில் அடிக்கடி விழச் செய்யுங்கள். சோறூட்டும்போது முழுப்பெயரைச் சொல்லி ஒரு வாய், செல்லப்பெயரைச் சொல்லி ஒரு வாய் ஊட்டினால் பிள்ளை இரண்டையும் தன்னுடையதாகவே எடுத்துக்கொள்ளும்.

உடைத்தால் வரும் பெயர்

எனக்குப் பிடித்த வழிக்கு வருகிறேன். தமிழ்ப் பெயர்கள் உடைவதற்கென்றே அமைந்தவை. பெரும்பாலும் இரண்டு சொல் சேர்ந்த பெயர்கள், அதனால் எந்தப் பக்கம் உடைத்தாலும் ஒரு முழுச் சொல் கையில் கிடைக்கும். கயல்விழி கயல் ஆவாள். தமிழ்ச்செல்வி ஒரு வீட்டில் தமிழ், இன்னொரு வீட்டில் செல்வி. முத்துலட்சுமியை முத்து என்பார்கள், லட்சுமி என்பார்கள். மீனாட்சி மீனா, ராஜேஸ்வரி ராஜி, பாலசுப்பிரமணியன் பாலு. சுப்பிரமணியனிலிருந்து சுப்பு, மணி, சுப்பையா என்று மூன்று பேர் கிளம்புவார்கள். எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியனும் வீட்டில் சுப்பையாதான், பாரதி என்ற பட்டம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த வழியில் இரண்டு பெயரும் ஒரே பெயர் என்பதால் எங்கேயும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆதாரில் தமிழ்ச்செல்வி என்று இருக்க, போனில் "நான் செல்வி பேசுறேன்" என்றால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. மதுரையில் 1972இல் பிறந்த பிச்சை சுந்தரராஜனை உலகம் இன்று சுந்தர் பிச்சை என்று அறிகிறது. சுந்தரராஜனில் இருந்த சுந்தர் போதும் என்று ஆனது. அவருக்குப் புதுப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை, இருந்ததில் பாதியை எடுத்துக்கொண்டால் போதுமாக இருந்தது.

இதில்தான் இந்த வழியின் பலம் இருக்கிறது. நீளமான பெயரை வைத்திருப்பவர் வேண்டும்போது சுருக்கிக்கொள்ளலாம். சின்ன வயதில் கயல், கல்லூரியில் விழி, வேலைக்குப் போன இடத்தில் முழுசாகக் கயல்விழி என்று அவளே முடிவு செய்யலாம். சுருக்கமான பெயரைப் பதிந்தவருக்குப் பின்னால் நீட்ட வேண்டும் என்றால் அரசிதழ் வரை போக வேண்டும். பிள்ளை என்னவாக வளரும், எப்படிக் கூப்பிட்டால் அதற்குப் பிடிக்கும் என்று தொட்டில் போடும் நாளில் நமக்குத் தெரியாது. தெரியாதபோது, பின்னால் அது தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ள இடம் விட்டு வைப்பதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் உடைக்காவிட்டாலும் ஊர் உடைக்கும். பெயரை முடிவு செய்யும் முன் வகுப்புப் பிள்ளைகள் அதை எப்படியெல்லாம் சுருக்குவார்கள், எந்த வசவோடு எதுகையாக்குவார்கள் என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை இருந்தால் அதனிடம் கேளுங்கள், ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். சுருக்கம் பிடிக்கவில்லை என்றால் பெயரை விட்டுவிடுவது நல்லது. எந்தத் துண்டு வேண்டும் என்பதை நீங்களே முதல் நாளிலிருந்து கூப்பிட ஆரம்பித்தால் ஊரும் பெரும்பாலும் அதையே பிடித்துக்கொள்ளும்.

நட்சத்திர எழுத்துப் பார்க்கிற வீடுகளுக்கும் இந்த வழி கொஞ்சம் கைகொடுக்கும். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்றும், அசுவினிக்கு சு, சே, சோ, லா என்றும் பட்டியல் தருவார்கள். முழுப்பெயர் அந்த எழுத்தில் தொடங்கட்டும், கூப்பிடுவது பின்பாதியாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் நிறைவு, பெற்றோருக்கும் விருப்பப்பட்ட பெயர். எங்கள் வீட்டில் நாங்கள் வேறு மாதிரி தீர்த்தோம். காதில் மூன்று முறை நான் சொன்னது என் அம்மாவின் பெயர். சான்றிதழில் எழில்மதி. கூப்பிடுவது மதி. தம்பி மனைவிக்குத் திட்டுவதற்குத் தடையில்லாத பெயர் கிடைத்தது, அம்மாவும் மனக்குறை இல்லாமல் இருக்கிறார்கள். குழந்தை பால் குடிக்க அடம்பிடித்தால் அம்மாவே "அடி மதி" என்று குரலை உயர்த்துவதைக் கேட்கிறேன்.

சின்னப் பெயரே முறையான பெயர்

நிலா, யாழ், கவின், இனியா, அகிலன், வெற்றி, மகிழ் என்று இப்போது வைக்கிற பெயர்கள் இந்த வகை. உடைக்கத் தேவையில்லை, செல்லமாகவும் இருக்கிறது, மேடையிலும் நிற்கிறது. நேர்த்தியான தீர்வு. இரண்டு இடத்தில் மட்டும் யோசிக்க வேண்டும்.

ஒன்று, ஒரே பெயரில் ஆள் கூடுவது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒற்றை எழுத்து இனிஷியல்தான். ஒரே வகுப்பில் இரண்டு கவின், இரண்டு பேருக்கும் "ச" இனிஷியல் என்று வந்துவிட்டால் டீச்சர் பெரிய கவின், சின்ன கவின் என்று கூப்பிட ஆரம்பிப்பார். சுருக்கமான, எல்லோருக்கும் பிடித்த பெயர்களில் இது நடக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, வீட்டுக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். நிலாவுக்கும் ஒரு செல்லப்பெயர் வந்துவிடும். அது நிலுக்குட்டியாக இருக்கலாம், சம்பந்தமே இல்லாமல் பட்டுவாக இருக்கலாம். பெயரைச் சின்னதாக வைத்தால் செல்லப்பெயர் வராது என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் வெளிநாட்டுக் காகிதங்கள் என்று வரும்போது சின்னப் பெயருக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. அதைச் சரியாகப் புரிந்துகொள்ள, பாஸ்போர்ட்டில் நம் பெயருக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

காகிதத்தில் என்ன நடக்கிறது

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலே பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆகவே ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருக்கும்போதே பெயரைச் சொல்லியாக வேண்டும் என்ற அவசரம் இல்லை. குழந்தையோடு சில மாதம் பழகிவிட்டு, எந்தப் பெயர் வாயில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதலாம். அதே சமயம் வருடக் கணக்கில் தள்ளிப் போடுவதும் கூடாது.

காரணம், 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம். அந்தத் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இதுவே முதல் காகிதம். முன்பெல்லாம் பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் கேட்டு எழுதிக்கொண்ட பெயர்தான் நிலைத்தது. அங்கே சிலர் பிச்சையைப் பிச்சைமுத்து ஆக்கி, குப்பனைக் குமார் ஆக்கிப் பிள்ளைகளுக்கு நல்லது செய்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது வாய்ப்பு இனிமேல் இல்லை.

ஐந்து வயதுக்குள் எடுக்கும் நீல நிற ஆதாரிலும் சான்றிதழில் உள்ள பெயர்தான் வர வேண்டும். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். எழுத்துப்பிழைக்கே அந்த இரண்டும் செலவாகிவிடும்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். "பா. செந்தமிழ்செல்வன்" என்ற பையனுக்குப் பாலசுப்பிரமணியன் என்ற அப்பா பெயர் முழுசாக ஏறும். இரண்டும் சேர்ந்தால் ரோமன் எழுத்தில் 31 எழுத்து. பாஸ்போர்ட்டின் கீழே இயந்திரம் படிக்கிற வரியில் பெயருக்கு உள்ள இடம் 39. அடங்கிவிடும், ஆனால் விமான டிக்கெட்டிலும் வெளிநாட்டு விண்ணப்பப் படிவங்களிலும் சில கட்டங்கள் அதற்கு முன்பே முடிந்துவிடும். அப்பா பெயர் நீளமாக இருந்தால் பிள்ளை பெயரைச் சின்னதாக வைப்பது புத்திசாலித்தனம். அப்பா பெயர் ரவி, மணி என்று இருந்தால் பிள்ளைக்குத் தாராளமாக நீளமாக வையுங்கள்.

அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதினால் வெளியூரில் பிள்ளையை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். விஸ்வநாதன் ஆனந்துக்கு அதுதான் நடந்தது. அவர் பெயர் ஆனந்த், விஸ்வநாதன் அவருடைய அப்பா. செஸ் உலகம் அப்பா பெயரைச் சுருக்கி விஷி என்று அவரைக் கூப்பிடப் பழகிவிட்டது. சரி, அப்பா பெயரே வேண்டாம் என்று ஒற்றைப் பெயரோடு விட்டாலும் தொல்லைதான். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், சொந்தப் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று மூன்று எழுத்து விழும், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகமும் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் தந்தது.

எழுத்துக்கூட்டலையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ழகரம் உள்ள பெயர்களில் இது பெரிய விஷயம். யாழினி, எழில், தமிழ் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் இசட் ஹெச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். ழகரம் இருக்கிறதே என்று அழகான தமிழ்ப் பெயரை விட்டுவிடாதீர்கள். ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதி, கணவன் மனைவி இருவரும் ஒப்புக்கொண்டு, அந்தத் தாளையே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்தப் படிவமாக இருந்தாலும் அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். நாங்கள் எழில்மதிக்கு அப்படித்தான் செய்தோம்.

ஏற்கெனவே பதிந்துவிட்டவர்களுக்கு

செல்லப்பெயரைப் பதிந்துவிட்டு, பிள்ளை ஏழாவது படிக்கும்போது "எனக்கு இந்தப் பேரு வேண்டாம்" என்று அழுகிறது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வழி இருக்கிறது. எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு விண்ணப்பித்துத் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிடலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். அரசிதழ் கையில் வந்ததும் ஆதார், பள்ளிப் பதிவேடு என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வரலாம். பிறப்புச் சான்றிதழில் முதலில் ஏறிய பெயர் அவ்வளவு எளிதாக மாறாது என்பதால் அரசிதழ் பிரதியை அதோடு சேர்த்தே எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மாற்றுவதென்று முடிவானால் பத்தாம் வகுப்புக்கு முன்னால் செய்துவிடுங்கள். பொதுத்தேர்வுக்கு முன்பு பள்ளியில் பெயர்ப்பட்டியலைப் பெற்றோரிடம் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் இருப்பதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும், கல்லூரியிலும் வேலையிலும் அதையே கேட்பார்கள். பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயதாக இருந்தால் புதுப் பெயரை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்காதீர்கள். அதையே தேடச் சொல்லுங்கள், இந்தத் தடவை எழுதும் பெயரும் கூப்பிடும் பெயரும் அதன் கையிலேயே இருக்கட்டும்.